அரசன் இல்லாத அவை: இக்போ மக்களின் வரலாறு

அரசன் இல்லாத நாட்டுக்கு வரலாறு உண்டா? கோட்டையும் கொடியும் கொண்டே ஒரு மக்கட் கூட்டத்தின் பெருமையை அளந்து பழகியவர்களுக்கு இவ்வினா எழுவது இயல்பே. தென்கிழக்கு நைஜீரியாவில் வாழும் இக்போ மக்களின் வரலாற்றிலே இதற்கு விடை உண்டு.

நீரி, ஒனிட்சா போன்ற சில இடங்களில் அரசர் இருந்தனர். எனினும், இக்போ ஊர்களிற் பெரும்பாலானவை மன்னரின்றியே இயங்கின. மூத்தோர் அவை, ஊர்ப் பொதுக்கூட்டம், ஒத்த வயதினரின் குழுக்கள், ஊரிற் பிறந்த மகளிரின் கூட்டம் என்பன அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டன. உழைப்பால் உயர்ந்தவன் பட்டம் பெறலாம். அப்பட்டம் மகனுக்குச் சொத்தாகச் செல்வதில்லை.

இவர்கள் கலையிலும் பின்தங்கியவர்களல்லர். 'இக்போ உக்வு' என்னும் ஊரிலே 1959, 1960ஆம் ஆண்டுகளில் தேர்ஸ்டன் ஷோ நிகழ்த்திய அகழ்வாய்வு, நுண்ணிய வேலைப்பாடமைந்த வெண்கலப் பொருட்களையும் 160,000க்கும் மேற்பட்ட மணிகளையும் உலகறியச் செய்தது. அவை கி.பி. 9ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்தவை. படைபலத்தாலன்றிச் சமயச் செல்வாக்கினாற் சிறந்த நீரியோடு ஆய்வாளர் இவற்றைத் தொடர்புபடுத்துவர்.

தலைவனைத் தேடி வந்த ஆங்கிலேய ஆட்சியாளருக்கு அவையின் ஆட்சி விளங்கவில்லை. எனவே ஊருக்கொரு தலைவனைத் தாமே நியமித்தனர். 1928இல் ஆண்களிடம் வரி அறவிடப்பட்டது. 1929 நவம்பரில் ஒலோக்கோ என்னும் ஊரிலே, நுவான்யெருவா என்ற பெண்ணிடம் ஆட்களையும் ஆடுகளையும் கணக்கெடுக்க ஒருவன் வந்தான். பெண்களுக்கும் வரி வருகிறதென்ற செய்தி ஊர்தோறும் பரவிற்று. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டு, நியமனத் தலைவர்களின் வீடுகளைச் சூழ்ந்து பாடியும் ஆடியும் பதவி விலகுமாறு கோரினர். தவறிழைத்த ஆணைத் தண்டிக்க இக்போ மகளிர் வழிவழியாகக் கைக்கொண்ட முறை அது. துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மாண்டனர். எனினும் அடுத்து வந்த ஆண்டுகளில் நியமனத் தலைவர் முறை கைவிடப்பட்டது.

இத்தகைய மரபிலே பிறந்தவர்தான் சினுவா ஆச்சிபி. 1958இல் வெளியான அவரது முதல் நாவல், என். கே. மகாலிங்கம் அவர்களின் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' எனத் தமிழுக்கு வந்துள்ளது. தம் மக்களை அவர் தெய்வங்களாக்கவில்லை. இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறிந்த கொடுமையையும் மறைக்காது எழுதினார். ஆனால் அச்சமூகத்துக்கு ஓர் ஒழுங்கும் அறமும் இருந்தன என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவினார்.

நாவலின் முடிவிலே, ஒக்கொங்குவோவின் வாழ்வையும் சாவையும் தான் எழுதவிருக்கும் நூலில் ஒரு பந்தியில் அடக்கிவிடலாமென ஆங்கிலேய அதிகாரி எண்ணுகின்றான். அந்த ஒரு பந்திக்கு எதிராக எழுந்ததே இம்முழு நாவலும். ஒரு மக்களின் கதையை யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்தே அது பந்தியாவதும் காவியமாவதும் அமைகின்றது.