சென்னையில் ஒரு மணி நேர சைக்கிள் சவாரி!

லீவு விட்டாச்சு. "சென்னையில் சித்தப்பா வீட்டுக்குப் போகிறோம்" என்று அப்பாவும் சொல்லியாச்சு. ஆனால் எத்தனை நாள் தெரியுமா? இரண்டே நாள்! வெள்ளி சாயங்காலம் நாகர்கோவிலில் ரயில் ஏறினால் சனி காலை சென்னை. ஞாயிறு சாயங்காலம் மறுபடி ரயில். நடுவில் ஒரு கல்யாண வரவேற்பு, தி.நகரில் துணிக்கடை, சொந்தக்காரர் வீட்டில் சாப்பாடு. அப்புறம் ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்போது?

ஆட்டோவிலும் காரிலும் போனால் பாதி நேரம் சிக்னலில் நிற்போம். முன்னால் நிற்கும் பஸ்ஸின் முதுகுதான் கண்ணுக்குத் தெரியும். நடந்து போனாலோ ஒரு மணி நேரத்தில் நாலு கிலோமீட்டர்தான். ஆனால் சைக்கிளில் அவசரமே படாமல் மிதித்தாலும் எட்டு, பத்து கிலோமீட்டர் போகலாம். வேண்டிய இடத்தில் நின்று பார்க்கவும் செய்யலாம்.

"சென்னை ரோட்டிலா? சைக்கிளா? வேண்டவே வேண்டாம்!" என்று அம்மா சொல்வார். அம்மாவின் பயம் நியாயமானதுதான். அதனால் அடம் பிடிக்காதீர்கள். எந்த இடம், எந்த நேரம், யார் கூட வருகிறார்கள் என்று ஒரு திட்டம் போட்டுக் காட்டுங்கள். அது சரியாக இருந்தால் பாதி அனுமதி கிடைத்த மாதிரி!

வாருங்கள், திட்டம் போடலாம். உங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காடு என்று வைத்துக்கொள்வோம். பகவதி அம்மன் கோவில் பக்கம் வீடு. குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் சைக்கிள் மிதித்துப் பழகிய கால்கள். சித்தப்பா வீடு திருவல்லிக்கேணியில். அங்கே அண்ணனின் சைக்கிளும் இருக்கிறது.

எங்கே? எப்போது?

திருவல்லிக்கேணிக்குப் பக்கத்திலேயே மெரினா கடற்கரை. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை மூன்று, மூன்றரை கிலோமீட்டர். போய்த் திரும்பினால் மண்டைக்காட்டிலிருந்து குளச்சல் போய் வருகிற மாதிரிதான். பெரிய சாலையான காமராஜர் சாலையில் ஓட்ட வேண்டாம். கடற்கரைப் பக்கம் சர்வீஸ் ரோடு இருக்கிறது. அதில் ஓட்டுங்கள்.

நேரம், ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. ஆபீஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் வண்டிகளும் குறைவு. இன்னொரு பரிசும் உண்டு. மண்டைக்காட்டில் சூரியன் கடலில் மறைவதைத்தானே பார்த்திருப்பீர்கள்? மெரினா கிழக்குக் கரை. அங்கே சூரியன் கடலிலிருந்து எழுந்து வரும்! மே மாதத்தில் ஏறத்தாழ 5.45 மணிக்கு, ஜனவரியில் ஏறத்தாழ 6.30 மணிக்கு உதிக்கும். இருட்டில் கிளம்ப வேண்டாம். வெளிச்சம் வரத் தொடங்கிய பிறகு புறப்படுங்கள்.

வழியில் என்ன இருக்கிறது?

பெரிய பாறையை நாலு பேர் மூச்சுப் பிடித்து நகர்த்தும் சிலையைப் பார்ப்பீர்கள். அதுதான் உழைப்பாளர் சிலை. சிற்பி தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்தது. 1959-ல் நிறுவப்பட்டது.

திருவள்ளுவர், ஔவையார், கம்பர், ஜி.யு.போப், வீரமாமுனிவர் என்று வரிசையாகச் சிலைகள் நிற்கும். 1968-ல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைக்கப்பட்டவை இவை. உங்கள் மாவட்டத்துக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவரை அண்ணாந்துதான் பார்க்க முடியும். இங்கே கிட்டத்தில் பார்க்கலாம்.

சாலையின் எதிர்ப்பக்கம் வட்ட வடிவில் ஒரு கட்டடம். பெயர் விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைக்க 1842-ல் கட்டியது. அதனால் 'ஐஸ் ஹவுஸ்' என்றும் பெயர். 1892-ல் கன்னியாகுமரிப் பாறையில் தியானம் செய்த அதே விவேகானந்தர், 1897-ல் இந்த வீட்டில் ஒன்பது நாட்கள் தங்கினார். அருகில் போக ஆசையாக இருக்கிறதா? சைக்கிளை ஓட்டிக்கொண்டு சாலையைக் கடக்காதீர்கள். இறங்கி, பெரியவர்களோடு சிக்னலில் தள்ளிக்கொண்டு கடந்து போங்கள்.

கடைசியில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கலங்கரை விளக்கம். முட்டம் கலங்கரை விளக்கத்தைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இது பட்டணத்துச் சொந்தக்காரர்!

பாதி நேரம் ஆச்சா? திரும்புங்க!

இதுதான் முக்கியமான விதி. உங்களிடம் ஒரு மணி நேரம் இருந்தால், 30 நிமிடம் ஆனதும் திரும்பிவிட வேண்டும். கலங்கரை விளக்கம் எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருந்தாலும் சரி. ஏன் தெரியுமா? திரும்பும்போது கால் சோர்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்கும், வண்டிகளும் கூடியிருக்கும். அப்போது 'ரயிலுக்கு நேரமாகிவிடுமே' என்று வேகமாக மிதித்தால்தான் ஆபத்து. நேரம் போதவில்லை என்றால் தூரத்தைக் குறையுங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள்.

சைக்கிளைத் தொடும் முன்...

* அது உங்கள் சைக்கிள் இல்லை. இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். எந்தக் கை முன் சக்கரத்துக்கு, எந்தக் கை பின் சக்கரத்துக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்.
* சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு கால் விரல்களும் தரையைத் தொட வேண்டும். தொடவில்லையா? சீட்டை இறக்குங்கள்.
* டயரில் காற்று இருக்கிறதா? பெல் அடிக்கிறதா? செயின் கழலாமல் ஓடுகிறதா? வீட்டு வாசலில் இரண்டு ரவுண்டு ஓட்டிப் பாருங்கள்.
* ஹெல்மெட் அணியுங்கள். காதில் இயர்போன் வேண்டாம்.
* இடது பக்கமாகவே ஓட்டுங்கள். நிற்கும் கார்களை உரசிக்கொண்டு போகாதீர்கள். திடீரென்று கதவைத் திறப்பார்கள்.
* சித்தப்பாவோ அண்ணனோ இன்னொரு சைக்கிளில் கூடவே வர வேண்டும். தனியே போகக் கூடாது.
* கடலில் இறங்குவது இந்தத் திட்டத்தில் இல்லவே இல்லை!

சித்தப்பா வீடு தாம்பரத்திலோ வேளச்சேரியிலோ இருந்தால் என்ன செய்வது? அங்கிருந்து மெரினாவுக்கு மிதிக்க நினைக்காதீர்கள். அந்தப் பகுதித் தெருக்களிலேயே காலையில் ஒரு ரவுண்டு வாருங்கள். பூக்காரம்மா, பால் வண்டி, கோலம் போடும் வீடுகள் என்று பட்டணத்தின் இன்னொரு முகம் தெரியும். மழை பெய்தால், கூட வர ஆள் இல்லையென்றால், சவாரியை அடுத்த பயணத்துக்குத் தள்ளி வையுங்கள்.

டச்சுக்காரர்கள் கதை

குளச்சலில் 1741-ல் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர் படையிடம் தோற்றவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களுடைய நெதர்லாந்து இன்று உலகத்துக்கே சைக்கிள் நாடு. ஆனால் அது சும்மா வந்துவிடவில்லை. அங்கே கார்கள் பெருகியபோது, 1971-ம் ஆண்டில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். குழந்தைகளும் சேர்ந்துகொண்டார்கள். அதன் பிறகுதான் ஊர் ஊராகத் தனி சைக்கிள் பாதைகள் பெருகின.

தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் தலைநகர் போகோட்டாவில் வேறு ஏற்பாடு. 1974-ல் தொடங்கிய வழக்கம் இது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைகளில் கார், பஸ் வராது. குழந்தைகளும் பாட்டி தாத்தாக்களும் சைக்கிளில் ஜாலியாகப் போவார்கள். நம் நாட்டிலும் 2013-ல் டெல்லிக்குப் பக்கத்திலுள்ள குருகிராமில் இப்படி ஞாயிறுகளில் சாலையை வண்டிகள் இல்லாமல் விட்டார்கள். சென்னையில் 2019-ல் செல்போன் ஆப் மூலம் வாடகை சைக்கிள் எடுக்கும் திட்டம் வந்தது. இப்படிப்பட்ட ஏற்பாடுகள் வரும், போகும். நீங்கள் போகிற நகரத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று அங்குள்ளவர்களிடம் முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள்.

ஆக, ஒரு பெரிய நகரத்தில் குழந்தைகள் பயமில்லாமல் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்ட முடிகிறதென்றால், அங்கே யாரோ அதற்காகக் கேட்டிருக்கிறார்கள், உழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு தெரு இருக்கிறதா? இல்லையென்றால், வேண்டும் என்று பெரியவர்களிடம் கேளுங்கள்!

சரி குட்டீஸ், சென்னைக்கு டிக்கெட் எடுத்தாச்சா? கையோடு சித்தப்பாவுக்கு ஒரு போன் போட்டு, "சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமை காலையில எங்கூட சைக்கிள்ல வருவீங்களா?" என்று கேட்டு வையுங்கள். மறக்காமல் சனிக்கிழமை ராத்திரி சீக்கிரம் தூங்கப் போங்க!