கூலி உயர்ந்த பிறகும் டிப்ஸ் தர வேண்டுமா?

2025 கோடையில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு மாலை மூவரும் அருகிலிருந்த சிறிய உணவகத்துக்குச் சென்றோம். பில் 80 டாலர். பரிமாறிய இளம்பெண் பணம் செலுத்தும் கருவியை மேசைக்கே கொண்டுவந்தார். அதன் திரையில் 18, 20, 25 என மூன்று சதவீதங்கள் தெரிந்தன. மருமகனின் விரல் ஒரு கணம் தயங்கி, 20ஐத் தொட்டது. டிப்ஸ் மட்டும் 16 டாலர். நம் கணக்கில் 1,300 ரூபாய்க்கு மேல்.

காரில் ஏறியதும் விவாதம் தொடங்கியது. “ஜனவரியிலிருந்து இவர்களுக்கு மணிக்கு 20.76 டாலர் சம்பளம். அதைச் சொல்லித்தான் சாப்பாட்டு விலையையும் ஏற்றினார்கள். பிறகு எதற்கு இன்னொரு 20 சதவீதம்?” என்றார் மருமகன். மகள் உடன்படவில்லை: “நிறுத்துவதென்றால் முதலாளியிடம் பேசி நிறுத்த வேண்டும். நின்றுகொண்டே வேலை பார்க்கும் அந்தப் பெண்ணிடமா கணக்குப் பார்ப்பது?”

பில்லோடு வரும் சோம்புத் தட்டில் மீதிச் சில்லறையை விட்டுவிட்டு எழுந்து பழகிய எனக்கு, இருவர் சொன்னதும் நியாயமாகவே பட்டது. ஒரு தட்டுச் சில்லறை எப்படி ஐந்தில் ஒரு பங்காக வளர்ந்தது? அந்தக் கேள்வியின் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட கூலி வரலாறு இருக்கிறது.

அன்பளிப்பு கூலியான கதை

ஐரோப்பியச் செல்வந்தர் வீடுகளில் வேலையாட்களுக்கு விருந்தினர் காசு கொடுக்கும் வழக்கம், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பயணிகள் வழியாக அந்நாட்டுக்குச் சென்றது. உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவரை முதலாளிகள் பலர் சொற்பக் கூலிக்கு அமர்த்தினார்கள். எஞ்சியதைப் பயணிகளின் ஈகைக்கு விட்டார்கள். படுக்கை வசதி கொண்ட ரயில் பெட்டிகளை இயக்கிய புல்மேன் நிறுவனம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. அதன் உதவியாளர்கள் 1925இல் சங்கம் அமைத்தார்கள். ஏ.பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் பன்னிரண்டு ஆண்டுகள் போராடிய பிறகே, 1937இல் முறையான ஊதிய ஒப்பந்தம் கிடைத்தது.

அமெரிக்கர்கள் டிப்ஸை எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டுவிடவில்லை. சமமானவர்கள் வாழும் குடியரசில் ஒருவர் இன்னொருவரிடம் கை நீட்டுவது இழிவு என்ற குரல் வலுவாக எழுந்தது. சியாட்டில் அமைந்துள்ள வாஷிங்டன் மாநிலமே 1909இல் டிப்ஸைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ஆனால், 1926க்குள் அச்சட்டங்கள் யாவும் மறைந்துவிட்டன.

1938இல் வந்த கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் பாதுகாப்பு உணவக ஊழியர்களுக்குக் கிடைக்கவில்லை. 1966இல் செய்யப்பட்ட திருத்தம் அவர்களை உள்ளே கொண்டுவந்தது. கூடவே ஒரு சலுகையை முதலாளிகளுக்கும் தந்தது. ஊழியர் பெறும் டிப்ஸைக் குறைந்தபட்ச ஊதியத்தின் ஒரு பகுதியாக முதலாளி கணக்குக் காட்டிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் மகிழ்ந்து கொடுத்த காசு, முதலாளியின் கூலிச் செலவைக் குறைக்கும் வரவாக மாறியது அப்போதுதான்.

இன்று கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டியது 2.13 டாலர் மட்டுமே, மீதி 5.12 டாலரை வாடிக்கையாளர் தருவார் என்பது ஏற்பாடு. டிப்ஸ் குறைந்தால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால், அதைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு, அடுத்த வாரம் எந்த நேரத்தில் வேலை என்பதையே முதலாளியின் முடிவுக்கு விட்டிருக்கும் ஊழியரின் தலையில்தான் விழுகிறது. 2.13 டாலர் என்ற தொகை 1991இலிருந்து மாறவில்லை.

சியாட்டில் எடுத்த முடிவு

எல்லா மாநிலங்களிலும் இந்த நிலை இல்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில், மாநிலம் நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தை முதலாளி முழுமையாகத் தர வேண்டும். டிப்ஸ் அதற்கு மேல்.

சியாட்டில் நகரம் 2014இல் ஒரு படி முன்னே சென்று, மாநில ஊதியத்தைவிடக் கூடுதலான தொகையைத் தனக்கென நிர்ணயித்தது. 500 அல்லது அதற்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குக் கூடுதல் கால அவகாசம் கொடுத்தது. நகரம் கூட்டிய தொகையின் ஒரு பகுதியை டிப்ஸ் அல்லது மருத்துவக் காப்பீட்டுச் செலவு வழியாக அவை ஈடுகட்டலாம். இதன்படி 2024இல் ஒரு சிறு உணவகம் மணிக்கு 17.25 டாலர் கொடுத்தால் போதுமானதாக இருந்தது. 2025 ஜனவரி 1 அன்று அவகாசம் முடிந்தது. பெரிய நிறுவனம், சிறிய நிறுவனம் என்ற வேறுபாடின்றி அந்த ஆண்டு எல்லோருக்கும் 20.76 டாலர்.

ஒரே இரவில் மணிக்கு 3.51 டாலர் உயர்வு என்பது சிறு உணவகத்துக்குப் பெரும் சுமை. சில கடைகள் மூடப்பட்டன. உரிமையாளர்கள் கூறிய காரணங்களில் ஊதிய உயர்வும் ஒன்று. சில கடைகள் விலையை ஏற்றின. சில, பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரியைச் சேர்த்தன. இத்தனைக்குப் பிறகும் கருவியின் திரையில் அதே 18, 20, 25 நிற்கிறது. மருமகனின் எரிச்சலுக்குக் காரணம் இதுதான்.

இரு தரப்பு நியாயங்கள்

டிப்ஸ் நல்ல சேவைக்கான வெகுமதி என்பது பொதுவான நம்பிக்கை. இந்த வழக்கத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின், சேவையின் தரத்துக்கும் டிப்ஸ் அளவுக்கும் இடையிலான தொடர்பு மிக மெலிதானது என்று காட்டியிருக்கிறார். மக்கள் பெரும்பாலும் பில் தொகையைப் பார்த்து, வழக்கப்படி கொடுக்கிறார்கள். இருநூறு டாலர் உணவைப் பரிமாறியவருக்கு நாற்பதும், இருபது டாலர் காலை உணவைப் பரிமாறியவருக்கு நான்கும் கிடைக்கின்றன. நடந்த நடை இருவருக்கும் ஒன்றுதான்.

சமையலறைக் கணக்கும் உண்டு. கூடம் நிரம்பிய வெள்ளிக்கிழமை இரவில், 80 டாலர் பில் போடும் மூன்று மேசைகளை ஒருவர் ஒரு மணி நேரத்தில் கவனித்தால், 20 சதவீதக் கணக்கில் டிப்ஸ் மட்டும் 48 டாலர். அதே நேரத்தில் அடுப்பின் முன் நிற்பவருக்கும் பாத்திரம் தேய்ப்பவருக்கும் சம்பளம் மட்டுமே. முழுக் குறைந்தபட்ச ஊதியம் தரும் உணவகங்கள் டிப்ஸைச் சமையலறையோடும் பகிர்ந்துகொள்ளலாம் என்று 2018இல் கூட்டாட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால், பகிர்வது கட்டாயமில்லை. 2025 ஜூலையில் வந்த வரிச் சட்டம், டிப்ஸ் வருமானத்தில் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை வரிக் கழிவு பெற வழிசெய்தது. சம்பளத்தை மட்டும் நம்பும் சமையல்காரருக்கு அந்தச் சலுகையும் இல்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லா இரவும் வெள்ளிக்கிழமை இரவு அல்ல. 2025இல் நடைமுறையிலிருந்த மணிக்கு 20.76 டாலர் என்பது விகிதம்தானே தவிர, மாத வருமானம் அல்ல. கூட்டமில்லாத நாளில் ஊழியரைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுவதும் வேலை கிடைத்தாலும் வரிக்கு முன் கிடைப்பது ஏறத்தாழ 43,000 டாலர். வாடகை மிகுந்த அந்த நகரத்தில் அது தாராளமான தொகை இல்லை. ஊதியம் உயர்ந்த மறுநாளே எல்லோரும் டிப்ஸை நிறுத்தினால், உயர்வின் பலன் அவர்கள் கைக்கு வந்துசேராது.

உணவகங்களே முன்வந்து டிப்ஸை ஒழிக்கலாமே என்று தோன்றலாம். நியூயார்க்கின் புகழ்பெற்ற உணவகத் தொழிலதிபர் டேனி மேயர் 2015இல் அதைத்தான் செய்தார். சேவையையும் விலையிலேயே சேர்த்து, டிப்ஸ் வேண்டாம் என்றார். விலைப்பட்டியலைப் பார்த்தவர்களுக்கு அது பக்கத்துக் கடையைவிட விலை கூடியதாகத் தெரிந்தது. நன்றாகச் சம்பாதித்துவந்த பரிமாறுநர்கள் சிலர் விலகினார்கள். 2020இல் அவர் அந்த முயற்சியைக் கைவிட்டார். எல்லோரும் சேர்ந்து மாறாத வழக்கத்தை ஒருவர் மட்டும் மாற்றினால், நட்டமும் அவருக்கு மட்டும்தான்.

கடனும் கொடையும்

என் முடிவுக்கு வருகிறேன். டிப்ஸ் தர வேண்டுமா என்ற கேள்விக்கு, “எந்த ஊரில்?” என்ற எதிர்க்கேள்விதான் முதல் பதில். நாம் கொடுக்கப்போகும் காசைச் சட்டம் ஊழியரின் கூலியாகக் கணக்கில் வைத்திருக்கிறதா, இல்லையா?

டெக்ஸஸ் போன்ற மாநிலங்களில் வைத்திருக்கிறது. டாலஸிலோ ஹூஸ்டனிலோ பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம்மவர்கள், “இந்த வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை” என்று சொல்லி டிப்ஸ் தராமல் எழுந்தால், அது வழக்கத்தை அசைக்காது, 2.13 டாலர் வாங்கும் ஒருவரின் அன்றைய கூலியைத்தான் குறைக்கும். அங்கே டிப்ஸ் ஒரு கடன். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் செலுத்தியாக வேண்டும்.

சியாட்டிலில் அந்தக் கடன் இப்போது இல்லை. கூலியை முதலாளி முழுமையாகத் தருகிறார். உணவின் விலை வழியாக நாம் ஏற்கெனவே அதைச் செலுத்திவிடுகிறோம். அதற்கு மேல் தருவது கொடை. கொடைக்குச் சதவீதம் கிடையாது. தராதவர் குற்றவாளியும் அல்லர். அதே நேரம், நேற்று வரை கிடைத்த வருமானத்தை நம்பி வாழ்பவரிடம், சட்டம் மாறிவிட்டது என்று ஒரே நாளில் கையை விரிப்பதும் அழகல்ல. சதவீதம் படிப்படியாகக் குறையட்டும்; சுமை விலைப்பட்டியலுக்கு இடம் மாறட்டும்.

பில்லில் சேவைக் கட்டணம் இருந்தால், அது யாருக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. டிப்ஸ் ஊழியருக்குச் சொந்தம். சேவைக் கட்டணம் அப்படியல்ல. அதில் எவ்வளவு சதவீதம் பரிமாறியவருக்குச் சேரும் என்பதை ரசீதிலும் விலைப்பட்டியலிலும் அச்சிட வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலச் சட்டம் கூறுகிறது. பலர் அந்தச் சிறிய எழுத்துகளைப் படிப்பதில்லை.

ஊர் திரும்புவதற்கு முன் அதே உணவகத்துக்கு மீண்டும் சென்றோம். இம்முறை பணம் கொடுத்தது நான். ரசீதின் அடியை மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தேன். சேவைக் கட்டணம் ஏதும் இல்லை. டிப்ஸ் சமையலறைக்கும் போகிறதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். இரவு முடிவில் எல்லோரும் பகிர்ந்துகொள்வதாகச் சொன்னார். திரையில் காட்டிய மூன்று எண்களையும் விட்டுவிட்டு, வேறு தொகை என்ற கட்டத்தில் எனக்குச் சரியென்று பட்டதை எழுதினேன். அது 20 சதவீதம் இல்லை. மருமகன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், எழும்போது அந்தப் பெண்ணிடம் நன்றி சொல்ல மறக்கவில்லை.