இரும்புப் பெட்டிக்கு உயிர் கொடுக்கும் சின்னப் பாட்டரி!

மின்சாரம் பிறக்கும் ஊர் வள்ளூர். வடசென்னைக்கு அப்பால், மீஞ்சூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மத்திய அரசின் என்.டி.பி.சி. நிறுவனமும் தமிழக மின்சாரத் துறையும் கூட்டாக அமைத்த அனல் மின் நிலையம் இங்கே உண்டு. அதில் மூன்று யந்திரங்கள். ஒவ்வொன்றும் 500 மெகாவாட். மொத்தம் 1,500 மெகாவாட். அதாவது, 150 கோடி வாட்!

இவ்வளவு பெரிய மின் நிலையத்தின் பக்கத்திலேயே குடியிருப்பவர்கள் வீட்டிலும் ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு இந்த 150 கோடி வாட்டில் ஒரு வாட் கூட வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாட்டரி போதும். அந்தப் பாட்டரி தீர்ந்து போனால், வீட்டுக்காரர் தம் சொத்துக்கு முன்னாலேயே கையைக் கட்டிக் கொண்டு நிற்க வேண்டியதுதான்!

அந்தப் பொருள்தான், நம்பர் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி.

முந்தானைச் சாவி

அந்தக் காலத்தில் வீட்டு அம்மாளின் முந்தானையில் சாவிக் கொத்து தொங்கும். திண்டுக்கல் பூட்டுக்குத் தனி மரியாதை இருந்தது. (2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.) பம்பாயில் 1897-ல் பூட்டுத் தொழில் தொடங்கிய அர்தேஷிர் கோத்ரெஜ், 1902-ல் இரும்புப் பெட்டியும் செய்யத் தொடங்கினார். அந்தப் பெட்டிகளில் பாட்டரி கிடையாது. சாவி இருந்தால் திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. அவ்வளவுதான் கணக்கு.

இப்போது சாவிக்குப் பதில் எண் வந்துவிட்டது. கதவில் எண்கள் பொறித்த பித்தான்கள் இருக்கின்றன. ரகசிய எண்ணை அழுத்தினால், "பீப்" என்று ஓசை கேட்கும். கைப்பிடியைத் திருப்பினால் கதவு திறக்கும். சாவி தொலையும் என்ற பயம் இல்லை. கள்ளச் சாவி போடுவார்கள் என்ற பயமும் இல்லை.

ஆனால், புதுப் பயம் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் பாட்டரி!

விளக்கு எரிகிறது, கதவு திறக்கவில்லை!

இந்தப் பூட்டுக்குள் என்ன நடக்கிறது? கதவின் உட்புறத்தில் கனமான இரும்புத் தாழ்கள் இருக்கின்றன. அவற்றை நகர விடாமல் ஒரு சிறு முளை தடுத்துக் கொண்டிருக்கும். சரியான எண்ணை அழுத்தியதும், ஒரு மின்காந்தம் அல்லது குட்டி மோட்டார் அந்த முளையை இழுக்கும். தாழ்களை நகர்த்துவது கைப்பிடியைத் திருப்பும் உங்கள் கைதான். பாட்டரிக்கு உள்ள வேலை, அந்த முளையை ஒரு கணம் இழுப்பது மட்டுமே.

அந்த ஒரு கணத்தில்தான் சிக்கல் இருக்கிறது. முளையை இழுக்கக் கொஞ்சம் வேகமான மின்னோட்டம் வேண்டும். பழைய பாட்டரியில் உள்தடை கூடிவிடும். சிறு விளக்கை எரிய வைக்க அதனால் முடியும். முளையை இழுக்க முடியாது. "பீப்" ஓசை வருகிறது, பச்சை விளக்கும் எரிகிறது, கதவு மட்டும் அசையவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

இது தெரியாமல் பலர் திகைத்துப் போகிறார்கள். எண்ணைத் தவறாக அழுத்திவிட்டோமோ என்று வேறு எண்களை அழுத்திப் பார்க்கிறார்கள். மூன்று, நான்கு முறை தவறினால், பல பூட்டுகள் சில நிமிடங்களுக்கு எதையும் ஏற்காமல் அடம் பிடிக்கும். திருடனுக்காகச் செய்த ஏற்பாடு அது. வீட்டுக்காரரும் அதில் மாட்டிக் கொள்கிறார்!

விடிந்தால் கல்யாணம்

பூட்டுதானே, நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. நாளை வரை பொறுக்காத காரியங்கள் இருக்கின்றனவே!

ஓர் அடகுக் கடையை எடுத்துக் கொள்ளுங்கள். விடிந்தால் பெண்ணுக்குக் கல்யாணம். அடகு வைத்த சங்கிலியை மீட்க, மாலையில் தகப்பனார் பணத்தோடு வந்து நிற்கிறார். வட்டியும் முதலும் மேஜை மேல் இருக்கின்றன. பெட்டி திறக்கவில்லை. "பாட்டரி தீர்ந்து விட்டது, ஐயா" என்று கடைக்காரர் சொன்னால், அவர் நம்புவாரா? நகையை விற்றுவிட்டு நாடகம் ஆடுகிறார் என்றுதானே நினைப்பார்! முப்பது வருஷ நாணயம் அரை மணி நேரத்தில் போய்விடும்.

வீட்டில் நடு இரவில் பெரியவருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். பணமும் காப்பீட்டுக் காகிதமும் பெட்டிக்குள் இருக்கின்றன. அந்த நேரத்திலா பாட்டரியைத் தேடுவது?

எண் அழியாது

முதலில் ஒரு நல்ல சேதி. பாட்டரி தீர்ந்தால் ரகசிய எண் அழிந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வேண்டாம். மின்சாரம் இல்லாவிட்டாலும் நினைவு மறக்காத சில்லில்தான் இன்றைய பூட்டுகள் எண்ணை எழுதி வைக்கின்றன. புதுப் பாட்டரி போட்டால், பழைய எண்ணே வேலை செய்யும்.

அடுத்த கேள்வி: பாட்டரி எங்கே இருக்கிறது? சில பெட்டிகளில் எண் பலகைக்கு அடியிலேயே இருக்கும். மூடியைத் தள்ளினாலோ, பலகையை லேசாகத் திருகினாலோ வெளியே வரும். இந்த வகையில் கதவு பூட்டியிருந்தாலும் பாட்டரியை மாற்றலாம்.

வேறு சில பெட்டிகளில், முக்கியமாக வீடுகளுக்கு வாங்கும் சிறு பெட்டிகளில், பாட்டரி கதவுக்கு உள்பக்கம் இருக்கும். கதவைத் திறக்கப் பாட்டரி வேண்டும். பாட்டரியை எடுக்கக் கதவு திறக்க வேண்டும்! இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். எண் பலகையின் முகப்பில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு 9 வோல்ட் பாட்டரியை அதன் மேல் அழுத்திப் பிடித்துக் கொண்டு எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும். சில பெட்டிகளோடு, வெளியிலிருந்து செருகும் பாட்டரிக் கூடு ஒன்றைத் தருகிறார்கள். அநேகமாக எல்லாச் சிறு பெட்டிகளுக்கும் அவசரச் சாவி உண்டு. சாவித் துவாரம் ஒரு சிறு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

அந்தச் சாவியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? "பத்திரமாகப் பெட்டிக்குள்ளேயே" என்று பதில் சொல்கிறவர்கள் இன்றைக்கே அதை வெளியே எடுத்து வைப்பது நல்லது!

பாட்டரி மாற்றும் முறை

கதவைத் திறந்து வைத்துக் கொண்டுதான் பாட்டரியை மாற்ற வேண்டும். நான்கு பாட்டரி போடும் பெட்டியானால், நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையது இரண்டு, புதியது இரண்டு என்று கலக்கக் கூடாது. கூட்டல், கழித்தல் குறிகளைப் பார்த்துப் போடுங்கள். 9 வோல்ட் பாட்டரியானால், அதன் தலையில் இருக்கும் தொப்பியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். கம்பியைப் பிடித்து இழுத்தால், கம்பி கையோடு வந்துவிடும்.

போட்டு முடித்ததும் கதவை மூடிவிடாதீர்கள். திறந்த நிலையிலேயே தாழ்களை வெளியே தள்ளி, எண்ணை அழுத்தி, மூன்று முறை திறந்து பாருங்கள். மூன்று முறையும் சரியாக வேலை செய்த பிறகே மூட வேண்டும்.

பாட்டரி "ஆல்கலைன்" ரகமாக இருக்கட்டும். டார்ச் விளக்குக்கும் கடிகாரத்துக்கும் போடும் மலிவான துத்தநாகக் கரி பாட்டரி, முளையை இழுக்கும் வேகத்துக்கு ஈடு கொடுக்காது. சார்ஜ் செய்யும் பாட்டரியும் வேண்டாம். அதில் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் உண்டு. 6 வோல்ட் வேண்டிய பூட்டுக்கு, நான்கும் சேர்ந்து 4.8 வோல்ட்தான் தரும்.

திருவொற்றியூர்த் தொடர்பு

பாட்டரி வடசென்னைக்குப் புதிதல்ல. 1952-ல் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எவரெடி பாட்டரித் தொழிற்சாலை எழுந்தது. இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழிற்சாலை அது. பின்னாளில் மூடப்பட்டுவிட்டது.

அந்த நிறுவனத்தின் அமெரிக்கத் தாய் நிறுவனத்தில், 1950-களில் லூயிஸ் உர்ரி என்ற கனடா நாட்டு இளைஞர் வேலை பார்த்தார். பழைய பாட்டரியின் ஆயுளைக் கூட்டும்படி அவரிடம் சொன்னார்கள். அவரோ புது மாதிரிப் பாட்டரியையே செய்துவிட்டார். இரண்டு பொம்மைக் கார்களை வாங்கி, ஒன்றில் பழைய பாட்டரியையும் மற்றொன்றில் தம் பாட்டரியையும் போட்டு, உணவு விடுதியில் அதிகாரியின் முன்னால் ஓட விட்டார். பழையது சிறிது தூரத்தில் நின்றுவிட்டது. புதியது ஓடிக் கொண்டே இருந்தது! 1959-ல் கடைக்கு வந்த அந்தப் பாட்டரிதான், இன்று இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஆல்கலைன்.

உப்புக் காற்று

கடலோர வாசிகளுக்கு இன்னொரு கவனமும் தேவை. எண்ணூர்க் கழிமுகத்தைத் தழுவி வரும் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. பாட்டரியைத் தொடும் உலோகத் தகடுகளில் அது களிம்பு ஏற்றிவிடும். புதுப் பாட்டரி போட்டும் பூட்டு வேலை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம். உலர்ந்த துணியால் தகடுகளைத் துடைத்துவிட்டுப் பாட்டரியைப் போடுங்கள்.

பாட்டரி கசிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால், வெறும் கையால் தொடாதீர்கள். தோலை அரிக்கும் காரம் அது. கையுறை போட்டுக் கொண்டு, வினிகரில் லேசாக நனைத்த பஞ்சால் ஒற்றித் துடைத்து, நன்றாக உலர விடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர் வட்டாரத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது, மின்சாரமும் நின்றது. மின்சாரம் நின்றால் இரும்புப் பெட்டிக்குக் கவலை இல்லை. பாட்டரி வைத்ததே அதற்குத்தானே! ஆனால், வெள்ளம் பூட்டுக்குள் புகுந்தால் ஆபத்து. ஆகவே, பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் பதிப்பது நல்லது.

ஒருவர் மட்டும் அறிந்த எண்

அலிபாபா கதையில் காசிம் குகைக்குள் புகுந்துவிட்டு மந்திரச் சொல்லை மறந்தான். உயிரை விட்டான். நம் வீடுகளில் எண்ணை மறப்பதை விட, எண் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

துறைமுகத்தில் இரவு முறை, கப்பலில் ஆறு மாதம் என்று வேலை பார்க்கிறவர்கள் நிறைந்த வட்டாரம் இது. எண் கணவருக்கு மட்டும் தெரியும். அவசரச் சாவி இருக்கும் இடமும் அவருக்கு மட்டும் தெரியும் என்றால், அவர் இல்லாத நாளில் மனைவி என்ன செய்வார்? புதுப் பாட்டரி கையில் இருந்தும் பயன் இல்லை. பூட்டை வல்லுநர் துளை போட்டுத் திறக்க வேண்டும். பெட்டி தன்னுடையது என்று அந்த அம்மாள் ரசீது காட்ட வேண்டும். ரசீதோ பெட்டிக்குள் இருக்கும்!

எண்ணையும், பாட்டரி இருக்கும் இடத்தையும், சாவி இருக்கும் இடத்தையும் வீட்டில் இன்னும் ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். வாங்கிய ரசீதை வெளியே வையுங்கள்.

பாட்டரியை எப்போது மாற்றுவது? பூட்டு முனகத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை போதும். அதற்கு நாள் பார்க்கவும் வேண்டாம். ஆயுத பூஜையன்று இரும்புப் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம் அல்லவா? அன்றைக்கே புதுப் பாட்டரியும் போட்டுவிடலாம். மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். கழற்றிய பழைய பாட்டரியைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள். கொசஸ்தலை ஆற்றிலும் வீசாதீர்கள். பழைய மின் பொருள்களை வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும்: சந்தனத்தைப் பித்தான்களின் மேல் வைக்காதீர்கள். கதவின் நெற்றியில் வைத்தால் போதும்!