கதிரவன் காய்ச்சும் நீர்



சித்திரை மாதத்து நண்பகலில் அடி அண்ணாமலையின் வெயில் எத்தகையது என்பதை நம்மில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரிவலப் பாதையில் செருப்பின்றி நடப்போரின் பாதங்களே அதற்குச் சாட்சி. துவைத்துப் பிழிந்து பாறைமீது விரித்த தாவணி சற்று நேரத்தில் காய்ந்து மொடமொடவென்று ஆகிவிடுகிறது. ஆனால் அதே வெயிலில் அண்டா நிறைய வைத்த தண்ணீர் மாலை வரையிலும் விரற்கடை அளவுகூடக் குறைவதில்லை. துணியில் இருப்பது சிறிதளவு நீர். விழுகின்ற வெப்பம் முழுவதும் அதற்கே உரியது. அண்டாவிலோ அடிவரை உள்ள நீர் அனைத்தும் அவ்வெப்பத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறது. வெயிலால் நீரை ஆவியாக்க முயலும் விஞ்ஞானிகளின் தலையாய சிக்கல் இதுவே.

முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 1000 வாட். அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டிக்குத் தேவையான அளவு. சாதாரண நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவது எளிது. கொதிக்கும் அந்நீரை முழுவதும் ஆவியாக்குவதற்கோ அதைப்போல் ஏழு மடங்குக்கும் அதிகமான வெப்பம் வேண்டும். இதனை உள்ளுறை வெப்பம் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். ஆகவே ஒரு சதுர மீட்டர் வெயில், சிறிதும் வீணாகாவிட்டாலும், மணிக்கு ஒன்றரை லிட்டர் நீரையே ஆவியாக்க வல்லது. நல்ல வெயில் நாள் ஒன்றுக்கு எட்டு லிட்டர் என்று கொள்ளலாம்.

கிடைப்பது என்ன? குஜராத் மாநிலத்துப் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல் ரசாயன ஆராய்ச்சி நிலையத்தார், 1978ஆம் ஆண்டில் அவானியா என்னும் கிராமத்தில் உவர்நீரைக் குடிநீராக்கும் சூரிய வடிகலன்களை அமைத்தனர். கறுப்புப் பூசிய ஆழமற்ற தொட்டியில் உவர்நீர். மேலே கூரைபோல் சாய்ந்த கண்ணாடி. எழும் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிந்து, வழிந்து, ஓரத்துக் காலில் சேரும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 5000 லிட்டர் நன்னீர் தருவதற்கு அவர்களுக்கு 1800 சதுர மீட்டருக்கும் அதிகமான பரப்பு வேண்டியிருந்தது. அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று லிட்டர்கூட இல்லை! மீதி வெப்பம் எங்கே போயிற்று? ஒரு பகுதி கண்ணாடியில் பட்டுத் திரும்பிற்று; ஒரு பகுதி தொட்டியின் அடி வழியே மண்ணுக்குள் இறங்கிற்று; இன்னொரு பகுதியைச் சூடான கண்ணாடியிலிருந்து காற்று கொண்டுபோயிற்று.

இந்த இழப்பை வெல்ல ஒரு வழி, வெயிலைக் குவிப்பது. நம் ஊரிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் சென்றால் ஆரோவில். அங்குள்ள பொதுச் சமையற்கூடத்தின் மேல், 15 மீட்டர் அகலமுள்ள ஒரு மாபெரும் கண்ணாடிக் கிண்ணத்தை அமைத்தார்கள். கிண்ணம் அசையாது, கதிரவன் நகர நகர, ஒளி குவியும் இடத்தைத் தொடர்ந்து வெப்பம் வாங்கும் குழாய்தான் நகரும். அவ்வெப்பத்தால் நீராவி உண்டாக்கி, சுமார் 1000 பேருக்குச் சமைப்பது நோக்கம். அழகான ஏற்பாடுதான். ஆயினும் அத்தனை கண்ணாடிகளைத் துடைத்து வைப்பவரை நினைத்தால் நமக்குக் கை வலிக்கிறது.

மற்றொரு வழி எளிமையானது. நமக்கு அதுவே அதிகம் பிடிக்கிறது. ஆவியாவது நீரின் மேற்பரப்புதானே? பிறகு ஏன் அடிநீரைச் சூடாக்க வேண்டும்? அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் காங் சென் என்பாரின் குழுவினர் 2014ஆம் ஆண்டில் இதைச் செய்து காட்டினர். மைக்ரோவேவ் அடுப்பில் பொரியவைத்த கிராஃபைட் மேலே. நுண்துளைகள் நிறைந்த கார்பன் நுரை கீழே. நீரில் மிதக்கும் இவ்விரட்டைத் தட்டின் கறுத்த மேற்புறம் வெயிலை விழுங்குகிறது. கீழ்ப்புறம் வெப்பத்தை நீருக்குள் இறங்கவிடாமல் தடுக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் துளைகள் வழியே நீர் சிறிது சிறிதாக மேலேறி ஆவியாகிறது. பத்து மடங்கு குவித்த வெயிலில் 85 சதவீத வெப்பம் பயன்பட்டது. 2016இல் அதே குழுவினர் குவிப்பான் ஏதுமின்றி, வெறும் வெயிலிலேயே 100 பாகை நீராவி எழச் செய்தனர். அதற்கு அவர்கள் பயன்படுத்திய பொருள்களுள் ஒன்று, பார்சல்களில் வரும் காற்றுக்குமிழ்த் தாள். நாம் பட்பட்டென்று உடைத்து விளையாடுகிறோமே, அதுதான்!

இதிலும் ஓர் இடையூறு உண்டு. தூத்துக்குடி உப்பளத்தாருக்கு நீர் போய் உப்பு மிஞ்சினால் மகிழ்ச்சி. இங்கோ, மிஞ்சும் உப்பு துளைகளை அடைத்து, கறுப்பின்மேல் வெண்மையாகப் படிந்து வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே இரவில் உப்பு கரைந்து மீண்டும் கீழ்நீருக்கே இறங்கும்படியான மிதவைகளையும் ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளனர்.

இதன் சிறு வடிவத்தை நாமே சோதிக்கலாம். ஒரே அளவான இரு தட்டுகளில் ஒரே அளவு நீர் ஊற்றிக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வெயிலில் வையுங்கள். மற்றதில் ஒரு தெர்மோகோல் துண்டை மிதக்கவிட்டு, கறுப்புப் பருத்தித் துணியால் மூடி, துணியின் ஓரங்கள் நீரில் தோய்ந்திருக்கச் செய்யுங்கள். காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இரண்டையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். துணி மிதவைத் தட்டை, துணியையும் தெர்மோகோலையும் எடுக்காமல் அப்படியே நிறுக்க வேண்டும். அவை குடித்த நீரும் கணக்கில் சேர வேண்டுமன்றோ!