பகிர்ந்து வாழும் வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம்

உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு முதியவர் ஒருவர் இரவில் உறங்குவதை நீங்கள் பார்த்திருக்கலாம். சில வாரங்கள் கழித்து அவரைக் காணவில்லை. "எங்கோ வீடு கிடைத்திருக்கும், நல்லது" என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால், வீடு கிடைத்த பிறகும் சிலர் அதே இடத்துக்குத் திரும்பி வருவதுண்டு. ஏன் அப்படி நடக்கிறது? அதைத் தடுக்க என்ன செய்யலாம்?

நீங்கள் ஒருவேளை வாடகை வீட்டை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்பவராக இருக்கலாம். அல்லது, அப்படி வாழும் ஒருவரின் உறவினராகவோ அண்டைவீட்டாராகவோ இருக்கலாம். யாராக இருந்தாலும் இந்தத் தகவல்கள் உங்களுக்குப் பயன்படும்.

வெளியில் உறங்குவோர் யார்?

சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஓர் இரவில் தீவு முழுவதும் கணக்கெடுத்தபோது, 530 பேர் பொது இடங்களில் உறங்கியது தெரியவந்தது. அதற்கு முன்பு, லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி 2019ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. வெளியில் உறங்குவோரில் பலர் வேலைக்குச் செல்பவர்கள் என்று அந்த ஆய்வு காட்டியது. துப்புரவு, பாதுகாவல் போன்ற குறைந்த சம்பள வேலைகளை அவர்கள் செய்துவந்தார்கள்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. தங்கள் பெயரில் வாடகை வீடு இருந்தும் சிலர் வெளியில் உறங்கினார்கள். வீட்டைப் பகிர்ந்துகொண்டவருடன் ஒத்துப்போக முடியாதது அதற்கு ஒரு காரணம்.

அதாவது, சாவியைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. அந்த வீட்டில் நிம்மதியாக உறங்க முடிய வேண்டும்.

என்னென்ன வழிகள் உள்ளன?

உடனடியாகத் தங்க இடம் தேவைப்படுவோருக்காக, சமய அமைப்புகளும் சமூக அமைப்புகளும் இரவு நேரத்தில் தங்கள் இடங்களைத் திறந்துவிடுகின்றன. இன்னும் சில காலம் தங்க வேண்டியவர்களுக்கு இடைக்காலத் தங்குமிடங்கள் உள்ளன. அங்குள்ள சமூக ஊழியர்கள், நிலையான வீட்டைப் பெறுவதற்கு உதவுகிறார்கள்.

குறைந்த வருமானமுள்ள தனியர்களுக்காக வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 'ஜாயின்ட் சிங்கள்ஸ்' எனும் வாடகைத் திட்டத்தை நடத்துகிறது. இதில் இருவர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். முன்பெல்லாம், உடன் தங்குபவரை விண்ணப்பதாரரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. குடும்பத்தைப் பிரிந்து வாழும் ஒருவருக்கு அது எளிதல்ல. 2021ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தின்கீழ், ஒருவர் தனியாகவே விண்ணப்பிக்கலாம். யாருடன் யார் ஒத்துப்போவார்கள் என்று பார்த்து, சமூகச் சேவை அமைப்பு இருவரைச் சேர்த்துவைக்கிறது. பிறகு சச்சரவு ஏற்பட்டாலும் பேசித் தீர்க்க உதவுகிறது.

2023ஆம் ஆண்டு மற்றொரு முயற்சியும் தொடங்கியது. பழைய ஆண்டர்சன் தொடக்கக் கல்லூரியின் மாணவர் விடுதி, தனியர்களுக்கான வாடகைக் குடியிருப்பாக மாற்றப்பட்டது. அங்கே ஒவ்வொருவருக்கும் தனி அறை உண்டு. குளியலறை, கழிவறை போன்றவை பொதுவானவை.

சண்டை எங்கே தொடங்குகிறது?

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஓரறை வாடகை வீட்டின் பரப்பளவு ஏறக்குறைய 33 சதுர மீட்டர். அதில் இருவர் வசிக்கிறார்கள். ஒருவர் பாதுகாவலர், இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வீடு திரும்புகிறார். மற்றவர் ஓய்வுபெற்றவர், காதும் சற்று மந்தம். அதே எட்டு மணிக்கு அவர் தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கிறார்.

இருவருமே கெட்டவர்கள் அல்லர். ஆனாலும், ஒரு மாதத்தில் பேச்சு நின்றுவிடும். இரண்டாவது மாதத்தில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்.

தெருவில் உறங்கிப் பழகியவருக்கு இது இன்னும் கடினம். பை திருடுபோகுமோ, யாராவது எழுப்பி விரட்டுவார்களோ என்ற பயத்தில் அரைத் தூக்கம் தூங்கியே அவருக்குப் பழக்கமாகியிருக்கும். சிறு ஓசைக்கும் விழித்துக்கொள்வார். தூக்கம் கெட்டால் இரத்த அழுத்தமும் நீரிழிவும் கட்டுக்குள் நிற்பது கடினமாகும். கோபமும் எளிதில் வரும்.

நல்ல பகிர்வு வீட்டில் இருக்க வேண்டியவை

• சொந்தமான ஓர் இடம். தனி அறை இருந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால், இரு படுக்கைகளுக்கும் நடுவே தடுப்பு இருக்க வேண்டும். ஒருவர் விளக்கைப் போட்டால் மற்றவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கக்கூடாது.

• பூட்டக்கூடிய அலமாரி. அடையாள அட்டை, பணம், மருந்து மூன்றும் பத்திரமாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும். "என் பொருளை எடுத்தாயா?" என்ற கேள்விக்கே இடமிருக்காது.

• குளிர்பதனப் பெட்டியில் தனித் தட்டு. சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, மருந்துக்கும் இது தேவை. பயன்படுத்தத் தொடங்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும்.

• வழுக்காத குளியலறை. கைப்பிடிக் கம்பிகளும் வழுக்காத தரையும் மூத்தோருக்கு அவசியம். படுக்கையிலிருந்து கழிவறை வரை செல்லும் வழியில் பொருள்கள் கிடக்கக்கூடாது. இரவில் சிறு விளக்கு எரியட்டும்.

• சிறிய குழு. சமையலறையையும் குளியலறையையும் சிலர் மட்டும் பகிர்ந்துகொண்டால் ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்கள். பலர் பகிர்ந்துகொண்டால், அழுக்கான அடுப்பைத் துடைப்பது யார் பொறுப்பு என்றே தெரியாமல் போய்விடும்.

• பேசுவதற்கு ஓர் ஆள். நிலையத்தில் ஊழியர் ஒருவர் இருப்பதும், அவர் அடிக்கடி வந்து விசாரிப்பதும் சிறு மனக்கசப்பு பெரிதாகாமல் தடுக்கும்.

• உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை. ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. ஆனால், விரும்பும் நாளில் உட்கார ஓர் இடம் இருக்க வேண்டும்.

குடியேறும் முன் பேசிக்கொள்ளுங்கள்

நீங்கள் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்ளப் போகிறீர்கள் என்றால், முதல் நாளே இவற்றைப் பேசி முடிவுசெய்யுங்கள். எழுதி, சுவரில் ஒட்டிவைப்பது இன்னும் நல்லது.

1. எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது? தொலைக்காட்சி எந்த நேரம் வரை?
2. ஒருவர் பகலில் உறங்குபவரா?
3. புகைபிடிப்பது, மது அருந்துவது பற்றி என்ன முடிவு?
4. இறைச்சி, மீன் சமைப்பதில் யாருக்காவது சங்கடம் உண்டா? சாமி படத்தை எங்கே வைப்பது?
5. வாடகை, மின்சாரம், தண்ணீர்க் கட்டணங்களை எப்படிப் பிரித்துக்கொள்வது?
6. விருந்தினர் வரலாமா?
7. ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் யாரை அழைக்க வேண்டும்?

இவற்றை முன்கூட்டியே கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்காமல் விட்டுவிட்டுப் பின்னர் சண்டை போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

முதல் சில வாரங்கள்

புதிதாகக் குடியேறியவர் கட்டிலை விட்டுத் தரையில் படுக்கலாம். பையைப் பிரிக்காமலேயே வைத்திருக்கலாம். பகல் முழுவதும் வெளியில் சுற்றலாம். அவரைக் கேலி செய்யவோ அவசரப்படுத்தவோ வேண்டாம். இந்த வீடு நிலைக்கும் என்ற நம்பிக்கை வர நாளாகும்.

ஆனால், அவர் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தாலோ, மருந்தை நிறுத்திவிட்டாலோ, யாருடனும் பேசாமல் ஒதுங்கினாலோ, சமூக ஊழியரிடம் தெரிவியுங்கள்.

அண்டைவீட்டாராக நீங்கள் என்ன செய்யலாம்?

"இப்படிப்பட்டவர்கள் நம் புளோக்கிற்கு வருகிறார்களே" என்று சிலர் தயங்குவது இயல்பு. ஆனால், அவர்களில் பலர் உங்கள் வயதை ஒத்தவர்கள். மின்தூக்கியில் பார்க்கும்போது "சாப்பிட்டாச்சா?" என்று கேளுங்கள். அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்துக்கு நீங்கள் போகும் நாளில் அவரையும் கூப்பிடுங்கள். அவருடைய கடந்தகாலத்தைத் துருவிக் கேட்காதீர்கள். அவரே சொல்ல விரும்பினால் காதுகொடுத்துக் கேளுங்கள்.

உதவி தேவைப்பட்டால்

வெளியில் உறங்கும் ஒருவரைப் பார்த்தாலோ, உங்களுக்கே தங்க இடமில்லாமல் போகும் நிலை வந்தாலோ, காம்கேர் தொலைபேசி எண் 1800-222-0000ஐ அழையுங்கள். அருகிலுள்ள சமூகச் சேவை அலுவலகத்துக்கோ குடும்பச் சேவை நிலையத்துக்கோ நேரிலும் செல்லலாம். மூத்தோருக்கான பராமரிப்புச் சேவைகளைப் பற்றி அறிய, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் உடனே 995ஐ அழையுங்கள்.

வீட்டைப் பகிர்ந்துகொண்டவருடன் பிரச்சினை என்றால், வீட்டை விட்டு வெளியேறுவதற்கு முன்பே உதவி கேளுங்கள். வீட்டில் இருக்கும்போதே பேசித் தீர்ப்பது, வெளியே வந்தபின் மீண்டும் ஒரு வீடு தேடுவதைவிட எளிது.