உங்கள் தளத்திற்கு வாசகர்களை அழைத்து வரும் டைரக்டரிகள்

சொந்தமாக ஒரு வெப்சைட் தொடங்குவது இன்று மிக எளிது. இலவச சேவை ஒன்றில் பெயரைப் பதிந்து கொண்டால் அரை மணி நேரத்தில் உங்கள் தளம் தயார். கதை, கவிதை, கட்டுரை எதை வேண்டுமானாலும் எழுதி ஏற்றலாம். ஆனால் அதன் பிறகுதான் உண்மையான கேள்வி எழுகிறது. இப்படி ஒரு தளம் இருப்பது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான் ஒரகடம் பகுதியில் உள்ள ஓர் ஆலையில் சாஃப்ட்வேர் இன்ஜினியராகப் பணிபுரிகிறேன். எங்கள் அசெம்பிளி பிரிவில் ஒரு நண்பர் இருக்கிறார். ஷிப்ட் முடிந்து அறைக்குச் சென்றதும் சிறுகதை எழுதுவார். நாற்பது கதைகளைத் தன் தளத்தில் ஏற்றியும் ஒரு நாளைக்கு ஆறு பேர் வந்தால் அதிகம். அதில் பாதி அவரே! இந்த நிலையில், "500 டைரக்டரிகளில் உங்கள் தளத்தைச் சேர்க்கிறோம், மூவாயிரம் ரூபாய்" என்று அவருக்கு ஒரு மெயில் வந்தது. ஓவர்டைம் பணத்தைக் கட்டிவிடலாமா என்று என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன விபரங்கள் உங்களுக்கும் பயன்படும்.

டைரக்டரி என்றால் என்ன?

இணையதளங்களைப் பொருள் வாரியாகப் பிரித்து அடுக்கிய பட்டியலே வெப் டைரக்டரி. சர்ச் இன்ஜினில் புரோகிராம் ஒன்று தானாகவே தளங்களைத் தேடிச் சேர்க்கிறது. டைரக்டரியிலோ மனிதர்களே ஒவ்வொரு தளத்தையும் பார்த்துச் சேர்ப்பார்கள். எங்கள் ஆலைக்கு வரும் உதிரிபாகங்களை க்வாலிட்டி செக்கிங் முடித்துத்தான் உள்ளே விடுவார்கள் இல்லையா? அதைப் போலத்தான்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ இருவரும் 1994-இல் தொகுத்த பட்டியல்தான் பின்னர் யாகூ ஆனது. வணிகத் தளங்களைப் பரிசீலிக்க யாகூ ஆண்டுக்கு 299 டாலர் வரை வாங்கியது. 1998-இல் தொடங்கிய டிமோஸ் டைரக்டரியில் கட்டணமே இல்லை. தன்னார்வலர்களே அதன் எடிட்டர்கள். தமிழ்த் தளங்களுக்கும் அதில் தனிப் பிரிவு இருந்தது. கூகுள் தன் டைரக்டரிக்கு டிமோஸின் பட்டியலையே எடுத்துக் கொண்டதால், அங்கே இடம் பிடித்த தளத்திற்குத் தனி மதிப்பு இருந்தது.

தமிழ் எழுத்தாளர்களுக்கு இத்தகைய பட்டியல்கள் இன்னும் அவசியமாக இருந்தன. அந்த நாட்களில் ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு எழுத்துருவைப் பயன்படுத்தியது. ஒன்றில் டைப் செய்து தேடினால் மற்றொன்றில் உள்ளது கிடைக்காது. யுனிகோட் பரவிய பிறகே இந்தச் சிக்கல் தீர்ந்தது. தமிழக அரசும் 2010-இல் யுனிகோடை ஏற்றது. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, பதிவு செய்த தளங்களில் வெளியாகும் புதிய இடுகைகளை ஒரே பக்கத்தில் காட்டியது. கோவையில் இருப்பவர் எழுதியதை டொரண்டோவில் இருப்பவர் சில நிமிடங்களில் படிக்க முடிந்தது. பலருக்கு முதல் நூறு வாசகர்கள் அங்கிருந்துதான் வந்தார்கள்.

இன்றைய நிலை

யாகூ டைரக்டரி 2014 இறுதியிலும், டிமோஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன. காரணம் எளிது. தளங்கள் கோடிக்கணக்கில் பெருகியபோது மனிதர்களால் ஈடு கொடுக்க முடியவில்லை. சர்ச் இன்ஜின்களின் தரமும் உயர்ந்துவிட்டது.

இன்னொரு பக்கம், இணைப்பு அதிகமாக இருந்தால் கூகுளில் முன்னால் வரலாம் என்று நம்பியவர்களுக்காகவே ஆயிரக்கணக்கான போலி டைரக்டரிகள் முளைத்தன. இவற்றை யாரும் படிப்பதில்லை. 2012 ஏப்ரலில் கூகுள் கொண்டு வந்த பென்குவின் என்ற மாற்றம் இந்த வகை இணைப்புகளைக் குறி வைத்தது. தரமற்ற டைரக்டரி இணைப்புகளை ஸ்பேம் என்றே கூகுளின் விதிகள் இன்றும் குறிப்பிடுகின்றன. எனவே மூவாயிரம் ரூபாய் கொடுத்து 500 இடங்களில் சேர்ந்தால் பயன் இல்லை, கெடுதலும் வரலாம். நண்பர் பணம் கட்டவில்லை.

செலவில்லாத வழிகள்

1. முதலில் கூகுள் சர்ச் கன்சோல் சேவையில் உங்கள் தளத்தைப் பதிவு செய்யுங்கள். தளம் உங்களுடையதுதான் என்று உறுதி செய்த பின், சைட்மேப் முகவரியைக் கொடுங்கள். பிளாக்கர், வேர்ட்பிரஸ் போன்றவை சைட்மேப்பைத் தாமாகவே தயாரித்துவிடும். பிங் தேடலுக்கும் இதே போன்ற இலவச வசதி உண்டு.

2. டிமோஸின் வாரிசாக கர்லி என்ற டைரக்டரி இயங்குகிறது. சரியான பிரிவைத் திறந்து, அங்கிருந்து விண்ணப்பியுங்கள். தன்னார்வலர்கள் பார்ப்பதால் பல நாட்கள் ஆகலாம். மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டாம்.

3. உங்கள் துறைக்கான பட்டியலைத் தேடுங்கள். கதைகளை மின்னூலாக்கி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடச் சம்மதம் என்றால், 2013 முதல் செயல்படும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்திற்கு அனுப்பலாம். அங்கு வருபவர்கள் படிக்க வருபவர்கள். மின்னூலில் உங்கள் தள முகவரியைக் குறிப்பிட மறக்காதீர்கள். உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

4. விக்கிப்பீடியாவில் உங்கள் தளத்தை நீங்களே விளம்பரம் போலச் சேர்க்காதீர்கள். நீக்கிவிடுவார்கள்.

குறிப்பு எழுதுவது எப்படி?

எந்தப் பட்டியலிலும் தளத்தின் பெயரும் இரண்டு வரிக் குறிப்பும் கேட்பார்கள். "உலகின் தலைசிறந்த கதைகள்! உடனே வாருங்கள்!" என்று எழுதினால் எடிட்டர் நிராகரிப்பார். "ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி ஆலைத் தொழிலாளர்களின் வாழ்க்கையைச் சொல்லும் சிறுகதைகள்" என்று எழுதினால் என்ன கிடைக்கும் என்பது தெளிவாகத் தெரியும். பதிவு செய்ய தனி ஈமெயில் முகவரி வைத்துக் கொள்வது நல்லது. போன் நம்பர், வங்கி விபரம் கேட்கும் டைரக்டரியை உடனே மூடிவிடுங்கள்.

கதைத் தலைப்புகளையும் கவனியுங்கள். நண்பரின் தளத்தில் "கதை 1", "கதை 2" என்றே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் சரியான பெயர் வைக்கச் சொன்னேன். சில வாரங்கள் கழித்து சர்ச் கன்சோலைத் திறந்து பார்த்தோம். "ஒரகடம் ஷிப்ட் பஸ்" என்று தேடிய ஒருவர், அவருடைய "ஷிப்ட் பஸ்" கதைக்கு வந்திருந்தார். பஸ் நேரம் தேடி வந்தவர் கதையைப் படித்துவிட்டு, "நானும் அந்த பஸ்ஸில்தான் போகிறேன்" என்று இரண்டு வரி எழுதியும் வைத்திருந்தார்.

வருகை எண்ணிக்கை இப்போது ஒரு நாளைக்கு இருபதைத் தொடுகிறது. பெரிய எண் இல்லைதான். ஆனால் இவர்கள் தேடி வந்தவர்கள். உங்கள் தளத்தையும் இந்த வாரமே சர்ச் கன்சோலில் பதிவு செய்துவிடுங்கள். குறைந்தது ஒரு மாதம் பொறுத்திருந்து, எந்தச் சொற்களைத் தேடி உங்களிடம் வருகிறார்கள் என்று பாருங்கள். அடுத்து எதை எழுதலாம் என்பதற்கும் அந்தப் பட்டியலே வழி காட்டும்.