பச்சைப்பாசிதான்... ஆனா கலர் ஆரஞ்சு! கேரளாவின் 'ரத்த மழை'க்கும் இந்தப் பாசிக்கும் என்ன தொடர்பு?

மழைக்காலத்தில் மலைப்பாதையில் போகும்போது கவனித்திருப்பீர்கள். சில மரங்களின் அடிப்பகுதியில் யாரோ ஆரஞ்சு பெயின்ட் அடித்தது போல இருக்கும். பாறையிலும், பழைய சுவரிலும் அதே நிறம். கிட்டப் போய் பார்த்தால் பெயின்ட் இல்லை, வெல்வெட் துணி போல மெத்தென்று இருக்கும்.

அது துரு இல்லை, பூஞ்சையும் இல்லை. அது ஒரு பாசி. அதுவும் பச்சைப்பாசி! பெயர் டிரென்டிபோலியா. 2001-ல் மட்டும் இல்லை, இன்றைக்கும் 'ஏலியன் மழை' என்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கதையின் நிஜ ஹீரோவும் இதுதான்.

2001-ல் கேரளாவில் என்ன நடந்தது?

2001 ஜூலை 25. கோட்டயம் மாவட்டம் சங்கனாச்சேரியில் பெய்த மழை சிவப்பு நிறத்தில் இருந்தது. மழையில் நனைந்த துணிகளில் கறை படிந்தது. அதோடு நிற்கவில்லை. கோட்டயம், இடுக்கி பகுதிகளில் செப்டம்பர் மாதம் வரை விட்டுவிட்டு நிற மழை பெய்ததாகத் தகவல்கள் வந்தன. சில இடங்களில் மஞ்சள் மழை, பச்சை மழை என்றும் சொன்னார்கள்.

முதல் மழைக்கு முன்பு பெரிய இடிச் சத்தமும் வெளிச்சமும் வந்ததாக ஊர்க்காரர்கள் சொன்னதால், விண்கல் வெடித்துச் சிதறியிருக்கலாம் என்று முதலில் பேச்சு கிளம்பியது. திருவனந்தபுரத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையமும் ஆரம்பத்தில் அப்படித்தான் கருதியது. ஆனால் ஒரு சிக்கல். விண்கல் தூசி என்றால் காற்றில் பரவிப் போயிருக்க வேண்டுமே, அதே பகுதியில் மறுபடி மறுபடி எப்படி விழும்? சில நாட்களிலேயே அந்தக் கருத்து கைவிடப்பட்டது.

மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது என்ன?

மழைநீரை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது தூசி இல்லை. உயிர் செல்கள் மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தன. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஒரு மில்லிலிட்டர் நீரில் சுமார் 90 லட்சம் துகள்கள்!

மாதிரிகள் பாலோட்டில் உள்ள வெப்பமண்டல தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போயின. அங்கே பாசி வளர்க்கும் ஊட்டக் கரைசலில் அந்தத் துகள்களைப் போட்டு வைத்தார்கள். அவை முளைத்தன. வளர்ந்து வந்தது டிரென்டிபோலியா. அதாவது, மழையில் வந்தவை அந்தப் பாசியின் வித்துகள்.

சங்கனாச்சேரி பகுதிக்கு நேரில் போன குழு இன்னொன்றையும் பார்த்தது. மரம், பாறை, தெருவிளக்குக் கம்பம் வரைக்கும் இந்தப் பாசி அப்பிக் கிடந்தது. 2001 நவம்பரில் வந்த அறிக்கை இதை உறுதி செய்தது. எரிமலைச் சாம்பல், பாலைவனத் தூசி, விண்கல் என எதுவும் காரணம் இல்லை என்றும் சொன்னது.

அப்போ 'ஏலியன்' கதை எங்கிருந்து வந்தது?

கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்ஃப்ரே லூயிஸ், சந்தோஷ் குமார் ஆகிய இரண்டு ஆய்வாளர்கள் வேறு ஒரு கருத்தை வைத்தார்கள். இந்தச் செல்கள் வால் நட்சத்திரத் துண்டிலிருந்து வந்த, பூமிக்கு வெளியே உள்ள உயிராக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். 2006-ல் ஒரு அறிவியல் இதழிலும் அது வெளியானது. செல்களில் டி.என்.ஏ. கிடைக்கவில்லை என்பதை முக்கிய ஆதாரமாகச் சொன்னார்கள். உலக மீடியா முழுக்க செய்தி பறந்தது.

ஆனால் இந்த வித்துகளின் சுவர் ரொம்பத் தடிமன். அதைத் தாண்டி உள்ளே இருக்கும் டி.என்.ஏ.வை எடுப்பது சாதாரண வேலை இல்லை. 2015-ல் பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஃபெலிக்ஸ் பாஸ்ட் தலைமையிலான குழு டி.என்.ஏ. வரிசையை வைத்தே பதில் சொன்னது. இது டிரென்டிபோலியா அனுலேட்டா என்ற இனம், ஆஸ்திரியாவில் உள்ள அதே இனத்துடன் மிக நெருக்கமாகப் பொருந்துகிறது என்பது அவர்கள் முடிவு. வித்துகள் மேகங்களோடு கண்டம் தாண்டி வந்திருக்கலாம் என்றும் கருதினார்கள்.

ஏலியன் இல்லை, பாசி என்பது முடிவாகிவிட்டது. ஆனால் இத்தனை கோடி வித்துகள் ஒரே நேரத்தில் எப்படி உருவாகி மேகத்துக்குப் போயின என்பதற்கு 2001 அறிக்கையே முழு விளக்கம் தரவில்லை. இதில் நேர்மையாக மிச்சம் இருக்கும் கேள்வி அது மட்டும்தான்.

பச்சைப்பாசி ஏன் பச்சையா இல்லை?

பச்சையம் இருக்கிறது. ஆனால் வெளியே தெரியாது. இந்தப் பாசியின் செல்லுக்குள் பீட்டா கரோட்டின் போன்ற நிறமிகள் எண்ணெய்த் துளிகளில் கரைந்து நிறைந்திருக்கும். ஆமா, கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே பீட்டா கரோட்டின்தான். அது பச்சை நிறத்தை மூடிவிடுகிறது.

இது அழகுக்காக இல்லை, உயிர் பிழைக்க. மற்ற பாசிகள் பெரும்பாலும் குளத்திலும் கடலிலும் இருக்கும்போது, டிரென்டிபோலியா தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டது. மரப்பட்டை, பாறை, சுவர், இலை என்று காற்றில்தான் வாழ்க்கை. அங்கே வெயில் அடிக்கும், ஈரம் காயும், சத்தும் குறைவு. கடும் வெளிச்சத்திலிருந்து பச்சையத்தைக் காப்பாற்றும் குடை மாதிரி இந்த ஆரஞ்சு நிறமி வேலை செய்கிறது. நல்ல நிழலில் வளர்ந்தால் இதே பாசி பச்சையாகவே தெரியும்.

இது எப்படிப் பரவுகிறது?

செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த மணிமாலை போல, கிளை விட்ட இழைகளாக வளரும். பரவுவதற்கு இதனிடம் சில வழிகள் இருக்கின்றன.

* இழை ஒடிந்து விழுந்தால் அந்தத் துண்டே புதிதாக வளரும்.
* வித்துப்பை மொத்தமாகக் கழன்று காற்றில் பறக்கும். ஈரமான இடத்தில் விழுந்ததும் திறந்துகொள்ளும்.
* உள்ளே இருந்து வரும் வித்துகளுக்கு நான்கு வால் போன்ற இழைகள் உண்டு. மழைநீரின் மெல்லிய படலத்தில் அவை நீந்தி இடம் பிடிக்கும்.

தண்ணீரை விட்டு வந்தாலும் நீச்சலை மறக்கவில்லை!

யார் வீட்டுப் பிள்ளை? விஞ்ஞானிகளையே குழப்பிய கேள்வி

இதன் வகைப்பாடும் ஒரு துப்பறியும் கதை மாதிரிதான். 1753-ல் லின்னேயஸ் இதை 'பிஸ்ஸஸ்' என்ற பெயரில் சேர்த்தார். நூல் மாதிரி இருக்கும் எல்லாவற்றையும் அன்றைக்கு அந்தப் பெயரில்தான் போட்டு வைத்திருந்தார்கள். 1817-ல் மார்டியஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் தனிப் பேரினமாகப் பிரித்து, டிரென்டிபோல் என்ற பாதிரியாரின் பெயரை வைத்தார். அவரும் தாவர ஆய்வில் ஈடுபட்டவர்.

பிறகுதான் குழப்பம். செல் இரண்டாகப் பிரியும்போது, நடுவில் புதுச் சுவர் எழும்பும் முறை இந்தப் பாசியில் நெல், தென்னை போன்ற நிலத் தாவரங்களைப் போலவே இருக்கிறது. பக்கத்துச் செல்களுக்கு இடையே நுண்ணிய வாசல்களும் உண்டு. அப்போ இது நிலத் தாவரங்களின் சொந்தமா?

டி.என்.ஏ. சொன்ன பதில்: இல்லை. இதன் சொந்தம் கடலில் இருக்கிறது. மண்டபம், ராமேஸ்வரம் கரையில் பச்சைத் தாள் மாதிரி ஒதுங்கும் உல்வா இருக்கிறதே, அது சேர்ந்த உல்வோஃபைசியே வகுப்பில்தான் டிரென்டிபோலியாவும் வருகிறது. செல் பிரியும் முறை நிலத் தாவரங்களுக்கும் இதற்கும் தனித்தனியாக உருவானது. பார்க்க ஒரே ஜாடை, ஆனால் வேறு வேறு குடும்பம்.

இன்னும் ஒரு திருப்பம். டிரென்டிபோலியா என்று ஒரே பெயரில் அழைக்கப்படும் இனங்கள் எல்லாம் ஒரே கிளையைச் சேர்ந்தவை இல்லை என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே வருங்காலத்தில் சில இனங்களின் பெயரே மாறலாம்.

கல்பாசிக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

பிரியாணிக்குப் போடும் கல்பாசி உண்மையில் லைக்கன். அதாவது ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கொடுக்கும், பாசி சமைத்துப் போடும். கல்பாசிக்குள் இருப்பது டிரெபௌக்ஸியா என்ற வேறு பாசி. ஆனால் வெப்பமண்டலத்தில் மரப்பட்டையில் ஒட்டிக் கிடக்கும் ஏராளமான லைக்கன்களில் சமையல்காரர் டிரென்டிபோலியாதான். கேரள மழையில் வந்ததையும் லைக்கன் உருவாக்கும் பாசி என்றே அறிக்கை குறிப்பிட்டது.

மரத்தில் வந்தால் ஆபத்தா? விவசாயிகள் கவனிக்க வேண்டியது

இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். டிரென்டிபோலியா மரத்தை உறிஞ்சுவதில்லை. பட்டையின் மேலே உட்கார்ந்து தன் சாப்பாட்டைத் தானே தயாரிக்கிறது. கலிபோர்னியாவின் பாயின்ட் லோபோஸ் பகுதியில் சைப்ரஸ் மரங்கள் இதே பாசியால் ஆரஞ்சு நிறத்தில் நிற்கின்றன. சீனாவின் சிச்சுவானில் பாறைகள் முழுக்க சிவப்பான பள்ளத்தாக்கு சுற்றுலாத் தலமாகவே ஆகிவிட்டது.

ஆனால் இதன் நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் வில்லன். பெயர் செஃபலூரஸ். தேயிலையில் 'செந்துரு' நோய்க்கு அதுதான் காரணம். மா, கொய்யா இலைகளிலும் வரும். அது இலையின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து வளர்வதால் செடி பாதிக்கப்படுகிறது.

வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது?

* மரப்பட்டையில் படர்ந்த ஆரஞ்சு மெத்தை, தேய்த்தால் வந்துவிடுகிறது, அடியில் பட்டை நன்றாக இருக்கிறது என்றால் பயம் வேண்டாம். மருந்தும் வேண்டாம்.
* இலையில் வட்ட வட்டமாக, தடித்த ஆரஞ்சுப் புள்ளிகள், அதன் அடியில் இலை கருகியிருக்கிறது என்றால் கவனம் தேவை. கைக்குக் கிடைத்த மருந்தை அடிக்காமல், இலையோடு போய் தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் காட்டுவது நல்லது.
* வீட்டுச் சுவரில் வந்தால் அந்தச் சுவரில் ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். கசிவைச் சரி செய்யாமல் பெயின்ட் மட்டும் அடித்தால் மறுபடி வரும்.

அடுத்த முறை எங்காவது சிவப்பு மழை என்று வீடியோ வந்தால், ஃபார்வர்டு பண்ணுவதற்கு முன் அந்த ஊர் மரங்களையும் சுவர்களையும் ஒரு தடவை பார்க்கலாம். சங்கனாச்சேரியில் பதில் வானத்தில் இல்லை, தெருவிளக்குக் கம்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.